பாத எரிச்சலுக்குத் தந்த ‘மனச்சோர்வு’ மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்குச் சில மாத்திரைகள் இரண்டு தடவை கண்ணில் படும். சீட்டோடு வந்து வாங்கிப்போகும் அன்று ஒரு தடவை. நான்கு நாள் கழித்து, இரண்டு மூன்று மாத்திரை மட்டும் குறைந்த அட்டையை நீட்டி, “இது ஒத்துக்கலைங்க, திருப்பி எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்கும்போது இன்னொரு தடவை. அப்படி அதிகம் திரும்பி வருபவை அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் அதன் உறவுக்கார மாத்திரைகளும்தான். வாங்கும் அன்றே ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவற்றில் பாதி திரும்பி வந்திருக்காது. அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான்.

எனக்குச் சர்க்கரை, பாதம் எரிகிறது என்று போனேன். தந்த மாத்திரையைப் போனில் தேடினால் ‘மனச்சோர்வு மருந்து’ என்று வருகிறது. எனக்கு மனநோய் என்று டாக்டர் நினைத்துவிட்டாரா?

இல்லை. இதுதான் எனக்கு வரும் முதல் கேள்வி, பெரும்பாலும் தணிந்த குரலில். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். ஆனால் நரம்பு வலியை மூளைக்குக் கொண்டுபோகும் பாதையையும் அது அடக்கும் என்பது பின்னால் தெரியவந்தது. இன்று சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், அக்கி வந்து ஆறிய பிறகும் நிற்காத வலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி, குடல் எரிச்சல் நோய் என்று பலதுக்கும் எழுதுகிறார்கள்.

அளவைப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். வலிக்கும் தலைவலிக்கும் பெரும்பாலும் இரவில் 10 அல்லது 25 மி.கி.யில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்கு என்றால் ஒரு நாளைக்கு 75 முதல் 150 மி.கி. வரை போகும். போனில் நீங்கள் படிக்கும் பயங்கரமான பட்டியல் எல்லா அளவுக்கும் சேர்த்து எழுதியது. 10 மி.கி. போடுபவருக்கும் 150 மி.கி. போடுபவருக்கும் ஒரே மாதிரி நடக்காது.

மனச்சோர்வுக்கே தந்திருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்கும் சர்க்கரை மாத்திரை மாதிரிதான் கவர் போட்டுக் கொடுக்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் வேறு என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன?

அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமைன், க்ளோமிப்ரமைன், டாக்செபின், டோசுலெபின் (நம் ஊரில் டோதியெபின் என்ற பழைய பெயரிலேயே எழுதுவார்கள்). மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் ‘ட்ரைசைக்ளிக்’, அதாவது மூவளைய மருந்துகள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘நரம்பு மாத்திரை’ என்று எழுதப்படும் பலவற்றில் ப்ரிகாபலின் அல்லது காபாபென்டினோடு நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. சேர்ந்தே இருக்கும். அட்டையின் முன்னால் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர்தான் தெரியும். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே என்ன என்று போட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். ஒரு டாக்டர் நரம்புக்கு இதை எழுத, இன்னொரு டாக்டர் தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலினை எழுத, இரண்டையும் ஒரே இரவில் போட்டுக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாத்திரைக்கு ஏன் இத்தனை பக்கவிளைவு?

இதன் பூர்வீகம் அப்படி. முதலில் வந்தது இமிப்ரமைன். சுவிட்சர்லாந்தில் கெய்கி என்ற கம்பெனி ‘ஜி 22355’ என்று எண்ணிட்டு வைத்திருந்த ஒரு பொருள். அப்போது மனச்சிதைவுக்குப் பேர்பெற்ற குளோர்ப்ரோமசின் மாதிரியே அமைப்பு இருந்ததால், இதுவும் அதற்கு ஆகும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. ம்யூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் இருந்த ரோலண்ட் கூன், அதைக் கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் தேறினார்கள். 1957இல் அதை எழுதி வெளியிட்டார். அங்கே நோயாளிகளிடம் சரியாகச் சொல்லாமலேயே மருந்துகளைச் சோதித்தார்கள் என்ற குற்றச்சாட்டு பிற்காலத்தில் கிளம்பியது தனிக்கதை. அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

குளோர்ப்ரோமசினின் மூதாதைகளோ ஒவ்வாமைக்கான மருந்துகள். அதாவது சளிமாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே, அந்த வம்சம். ஆகவே இந்தக் குடும்பம் ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யாது. செரடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் நரம்பு முனைகளுக்கு இடையே கூடுதல் நேரம் தங்கும்படி செய்வதுதான் நமக்கு வேண்டிய வேலை. கூடவே ஹிஸ்டமினைத் தடுக்கும்: தூக்கம், பசி. ரத்தக்குழாய்களை இறுக்கிப்பிடிக்கும் கட்டளையைத் தடுக்கும்: எழுந்தால் தலைசுற்றல். அசிட்டைல்கோலினையும் தடுக்கும்: வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர்த் தடை.

கடைசியாகச் சொன்னதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரே சொல் போதும்: ஊமத்தை. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்றவருக்கு வாய் காய்ந்து, கண்மணி விரிந்து, இதயம் படபடத்து, பிதற்றல் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இருக்கும் அட்ரோபின் எந்தப் பூட்டை அடைக்கிறதோ அதையே இந்த மாத்திரைகளும் கொஞ்சமாக அடைக்கின்றன. மாத்திரையில் ஊமத்தை இல்லை. அடைபடும் பூட்டு மட்டும் ஒன்று.

வாய் ஒரேயடியாகக் காய்ந்துபோகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது இதுதான். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம், ஒரு சின்னத் துண்டு நெல்லிக்காய் இரண்டும் எச்சில் ஊறவைக்கும். சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தணியும், சிலருக்கு அப்படியே நிற்கும்.

பலர் செய்யும் தப்பு, பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சப்புவது. எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். அதில் சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீண்ட நாள் இந்த மருந்தில் இருப்பவர்கள் பல் டாக்டரிடமும் சொல்லி வையுங்கள். பல் செட் வைத்திருப்பவர்களுக்கு ஈறு உரசிப் புண்ணாகலாம்.

காலையில் எழவே முடியவில்லை. பத்து மணி வரை தலை பாரமாக இருக்கிறது.

எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? ‘இரவு’ என்று சீட்டில் இருந்தால், பதினொரு மணிக்கு சீரியல் எல்லாம் முடிந்து, படுக்கப்போகும்போது போடுகிறவர்கள்தான் அதிகம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எட்டு, எட்டரை மணிக்கே போட்டுப் பாருங்கள். காலை மந்தம் நிறையவே குறையும்.

முதல் வாரம் பைக், ஆட்டோ, லாரி எதுவும் ஓட்டாதீர்கள். அளவைக் கூட்டும்போதும் அப்படித்தான். அறுவை இயந்திரம், கிரைண்டர் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இதே பேச்சு. ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். பழகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நார்ட்ரிப்டிலினுக்கு மாற்றினால் மயக்கம் குறைவாக இருக்கலாம்.

அப்பாவுக்கு 72 வயது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். மாத்திரையாலா?

மாத்திரையும் ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் ரத்தக்குழாய்கள் சட்டென்று இறுகும். இந்த மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும்.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். பல வருடச் சர்க்கரை, ரத்தக்குழாயைக் கட்டுப்படுத்தும் நரம்புகளையே ஏற்கெனவே கெடுத்திருக்கும். அந்த வயதில் புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும், பிரஷருக்குத் தரும் ப்ராசோசினும் அதே இறுக்கத்தைத்தான் தளர்த்துகின்றன. மூன்றும் ஒரே ராத்திரியில் கூடினால் விழாமல் இருப்பதுதான் ஆச்சரியம். பாத எரிச்சல் குறையத் தந்த மாத்திரை இடுப்பு எலும்பு முறிவில் முடிவதைப் போல் வருத்தமானது வேறில்லை.

கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிறகு எழச் சொல்லுங்கள். ராத்திரி வெளிச்சத்துக்கு ஒரு சின்ன பல்பு எரியட்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே சிறுநீர்ப் பாத்திரம் வைத்தால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் இந்தத் தலைசுற்றல் அதிகமாகும். மருத்துவரிடம் போகும்போது, படுக்கவைத்து ஒரு தடவையும் நிற்கவைத்து ஒரு தடவையும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மலச்சிக்கல்?

வரும். கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர், தினம் நடை. போதவில்லை என்றால் இசப்கோல், தாராளமாகத் தண்ணீரோடு. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது மலச்சிக்கல் இல்லை. குடல் அசைவே நின்றுபோயிருக்கலாம். உடனே மருத்துவமனை.

சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வயசானால் இப்படித்தானே?

இதை ‘வயசு’ என்று தள்ளிவிடாதீர்கள். புரோஸ்டேட் வீங்கியிருக்கும் ஆண்களுக்கு இந்த மருந்து சிறுநீரை முழுக்க அடைத்துவிடக்கூடும். மாத்திரை ஆரம்பித்த பிறகு சிறுநீர் மெலிந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் இறங்கவில்லை, அடிவயிறு வலிக்கிறது என்றால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், மருத்துவமனைக்குப் போய் குழாய் போட்டு எடுக்கவேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இதே ‘அடைக்கும்’ குணத்தைப் பயன்படுத்தித்தான் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கு இமிப்ரமைன் தந்தார்கள். அப்பாவுக்குத் தொல்லை, பேரனுக்கு வைத்தியம்.

ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கண்ணாடி மாற்றவேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை இறுகவேண்டும். மருந்து அதைத் தளர்த்திவிடுகிறது. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு அனுப்பினால் சில மணிநேரம் பேப்பர் படிக்க முடியாதே, அதன் லேசான வடிவம். சில வாரங்களில் சரியாகிவிடுவது உண்டு. அதற்குள் இரண்டாயிரம் ரூபாய் கண்ணாடி வாங்கினால் அப்புறம் அது உதவாது.

ஆனால் ஒரு கண் சிவந்து, தாங்கமுடியாத வலி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம், தலைவலி, வாந்தி என்று வந்தால் கண் நீர் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். பிறவியிலேயே கண்ணின் வடிகால் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு இது நடக்கும். சில மணிநேரத்தில் பார்வை போகக்கூடிய அவசரம் இது. வீட்டில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் நான்கு கிலோ ஏறிவிட்டேன். சாப்பாடு கூடவே இல்லை.

கூடியிருக்கும், உங்களுக்குத் தெரியாமல். ஹிஸ்டமினைத் தடுத்தால் பசி கிளம்பும். குறிப்பாக இனிப்பு மேல் கை போகும். ராத்திரி மாத்திரை போட்ட பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்ததை எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இதில் இரட்டை நஷ்டம். மாதம் ஒரு தடவை ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். மூன்று கிலோ தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். இதே வலிக்கு டுலாக்ஸெடின் போல எடை ஏற்றாத வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கும் தனித் தொல்லைகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியர்வை, கை நடுக்கம், பச்சை நிறத்தில் சிறுநீர்... இதெல்லாம்?

வியர்வை ஏராளமாக வரலாம். வாய் காய, உடம்பு மட்டும் நனைவது முரண்தான்; நார்அட்ரினலின் செய்யும் வேலை. லேசான விரல் நடுக்கமும் அதனால்தான். நீலப்பச்சைச் சிறுநீர் மிக அபூர்வம். பயமுறுத்தும், ஆபத்தில்லை. உடம்பெல்லாம் தடிப்போ மஞ்சள் காமாலையோ வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. போடலாமா?

இதயத்தின் மின்னோட்டத்தில் கை வைக்கும் மருந்து இது. துடிப்பை வேகமாக்கும், ஏற்கெனவே கோளாறு இருந்தால் தாளத்தையே குலைக்கும். மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர்களுக்குத் தரக்கூடாது. துடிப்புத் தடை (ஹார்ட் பிளாக்), இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். மற்ற இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். எழுதித் தந்தவர் எலும்பு டாக்டராகவோ தோல் டாக்டராகவோ இருந்தால் உங்கள் இதயக் கதை அவருக்குத் தெரிந்திருக்காது. நீங்களாகச் சொல்லவேண்டும். போட்ட பிறகு நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டி இரண்டு நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். இறந்துபோன தாத்தாவைக் கூப்பிடுகிறார்.

ஊமத்தை என்று சொன்னேனே, அதன் கெட்ட முகம் இது. முதிய மூளையில் அசிட்டைல்கோலின் ஏற்கெனவே குறைந்திருக்கும். மருந்து இன்னும் குறைத்தால் குழப்பம், மாயக்காட்சி, ராத்திரி முழுக்க நடை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் ‘பீர்ஸ்’ பட்டியல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. இன்னொரு சாத்தியமும் உண்டு: ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், அது சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எதுவானாலும் ‘வயசாச்சு, அப்படித்தான் பேசுவாங்க’ என்று விடாமல் அன்றே கூட்டிப்போங்கள். புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துப்போங்கள்.

வேறு எந்த மருந்தோடு சேரக்கூடாது?

பட்டியல் நீளம். கவுண்டரில் நான் அடிக்கடி தடுத்து நிறுத்துபவற்றை மட்டும் சொல்கிறேன்.

சளி, தும்மலுக்குக் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகளும், வயிற்றுவலிக்கு வாங்கும் டைசைக்ளோமினும் வாய் வறட்சியையும் சிறுநீர்த் தடையையும் இரட்டிப்பாக்கும். மூட்டுவலிக்குத் தரும் டிரமடால் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். நடுக்கம், காய்ச்சல், பதற்றம் என்று செரடோனின் அளவுமீறிய நிலையும் வரலாம். இன்னொரு மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்ஸெடின், இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு: படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபின். அதுவும் இதே வேலையைச் செய்யும், நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பிறகும். படர்தாமரை இல்லாத தெரு நம் ஊரில் இல்லை, 25 மி.கி.யில் நிம்மதியாக இருந்தவர் திடீரென்று தூங்கி வழிந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, “தோலுக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்பதுதான்.

ஒரு நாள் மட்டும் குடித்தால்?

மதுவும் இதுவும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாகத் தரும் மயக்கத்தைவிட அதிகம். அதற்குமேல் வண்டியில் வீட்டுக்குப் போவதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். குடிக்கப்போகிறோம் என்று மாத்திரையை அன்றைக்கு மட்டும் விடுவதும் வேண்டாம். மருந்து உடம்பில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

(கடையில் மற்றவர்கள் போன பிறகு) தாம்பத்தியத்தில்...?

ஆமாம், பாதிக்கலாம். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, உச்சம் தள்ளிப்போவது அல்லது வராமலே போவது. எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓசிடி) தரும் க்ளோமிப்ரமைனில் இது மிக அதிகம், ஆண் பெண் இருவருக்கும். மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும், பல வருடச் சர்க்கரையும் விறைப்பைக் கெடுக்கும். ஆகவே மாத்திரைக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை யோசித்துச் சொன்னால் மருத்துவருக்கு வசதி. மாற்றினாலோ குறைத்தாலோ திரும்பிவரும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தியவர்கள் என் கணக்கில் நிறையப் பேர்.

பத்து நாளாகப் போடுகிறேன். தொல்லைதான் தெரிகிறது, பலன் தெரியவில்லை.

இந்த மருந்தின் மோசமான குணமே அதுதான். வாய் வறட்சி முதல் இரவே வரும். மனச்சோர்வுக்கான பலன் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் கொஞ்சம் கூட. வலிக்கும் சில வாரங்கள் வேண்டும், அளவை மெல்ல ஏற்றவும் வேண்டும். தூக்கம் மட்டும் முதல் நாளே. நான்காம் நாள் அட்டையைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பழக்கமாகிவிடுமா? நினைத்தபோது நிறுத்தலாமா?

இரண்டும் வேறு வேறு கேள்வி. போதைப்பொருள் மாதிரி ஏக்கம் வந்து, மேலும் மேலும் கேட்கவைக்கும் மருந்து இல்லை. ஆனால் அமிட்ரிப்டிலினோடு குளோர்டையாசிபாக்சைடு என்ற பதற்றம் தணிக்கும் மருந்து சேர்ந்த மாத்திரைகள் உண்டு. அந்த இரண்டாவது சரக்கு பழக்கமாகும். மறுபடியும் அட்டையின் பின்பக்கம்.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் விட்டால் குமட்டல், வயிற்றோட்டம், தலைவலி, வியர்வை, அமைதியின்மை, கெட்ட கனவு என்று சில நாள் ஆட்டிவைக்கும். அடைத்து வைத்திருந்த பூட்டைத் திடீரென்று திறந்தால் வெள்ளம்போல வருவது அது. ‘நோய் திரும்பிவிட்டது’ என்று நினைத்து மறுபடி போடுவார்கள். மனச்சோர்வு அளவில் இருப்பவர்கள் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். 10 மி.கி.காரர்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவு தொல்லை இருக்காது, ஆனாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இளைஞர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும் என்கிறார்களே?

மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் குழந்தைகள், பதின்வயதினரைப் பற்றி இந்த எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் பக்கத்தில் ஒருவர் கவனமாக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகம், கண்டபடி செலவு, நிற்காத பேச்சு என்று எதிர்த்திசையில் போனாலும் உடனே சொல்லுங்கள்; அது இருதுருவ மனநோயாக இருக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அளவு மீறினால் இந்தக் குடும்பம், பின்னால் வந்த மனச்சோர்வு மாத்திரைகளைவிட மிகவும் ஆபத்தானது, இதயத்தைத் தாக்கும். அதிலும் டோசுலெபின் இன்னும் மோசம் என்பதால் பிரிட்டனில் அதைப் புதிதாக யாருக்கும் தொடங்கவேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். ஆகவே மனம் உடைந்திருப்பவர் வீட்டில் மாதக்கணக்குக்கு அட்டைகளைக் குவித்து வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதச் சொல்லிக் கேட்கலாம், மருத்துவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள். மாத்திரைகள் வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். அதிகம் போட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே, ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், காத்திருக்காமல் 108. சில மணிநேரத்தில் நிலைமை சட்டென்று மாறும்.

உங்களுக்கே அப்படி எண்ணம் வருகிறதா? இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலும் பேசலாம். இலங்கையில் உதவி எண் 1926.

கர்ப்பமாக இருக்கிறேன். நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடமும் எழுதித் தந்தவரிடமும் சொல்லுங்கள். கடைசி மாதம் வரை போட்டால் பிறந்த குழந்தைக்குச் சில நாள் எரிச்சலும் நடுக்கமும் இருக்கலாம் என்பதால் பிரசவம் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பால் கொடுக்கும்போது அமிட்ரிப்டிலின் மிகக் கொஞ்சமே பாலில் இறங்கும், டாக்செபினைத் தவிர்ப்பார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்...

பூட்டி வையுங்கள். டிவி மேல், சாமி அலமாரியில், தாத்தாவின் தலையணைக்கு அடியில் வேண்டாம். பெரியவருக்குச் சாதாரணமான ஒன்றிரண்டு மாத்திரையே தவழும் குழந்தைக்கு உயிராபத்து. பல அட்டைகள் பார்க்க மிட்டாய் நிறத்தில் வேறு இருக்கின்றன. குழந்தை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அட்டையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். படுக்கை நனைக்கும் பிள்ளைக்கு இமிப்ரமைன் இப்போது பெரும்பாலும் முதல் தேர்வு இல்லை. தந்திருந்தால் எண்ணி, நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

நேற்று இரவு போட மறந்துவிட்டேன். காலையில் போடலாமா?

வேண்டாம், பகல் முழுக்கத் தூங்கி வழிவீர்கள். இன்று இரவு வழக்கமான ஒன்று மட்டும். நேற்றையதையும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.